ரேமண்ட் எந்த ஊர் சாமி

கொலுவுக்கு வந்தவர்கள் ஒரு பாட்டாவது பாடாமல் போகக் கூடாது. அந்தச் சம்பிரதாயத்தை நம்பித்தான் ஸ்வர்ணா பக்கத்து வீட்டு டாரியஸைக் கூப்பிட்டிருந்தாள்.

பக்தி எல்லாம் இல்லை. எரிச்சல்.

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் சுவர்கள் அப்பளக் கனம். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து நவராத்திரி வந்தபோது, பதினோரு வாரமாக அந்தச் சுவருக்கு அப்பால் ஒரே பாட்டு. டாரியஸே எழுதி, டாரியஸே கீபோர்டு வாசித்து, டாரியஸே டேப்பில் பதிவு செய்கிற காதல் பாட்டு. ‘ரோஸலின்’ என்று ஒரு பெயர் வரும். வந்ததும் நின்றுவிடும். டேப் பின்னால் ஓடும். மறுபடி முதலிலிருந்து.

குரல் என்னவோ தேன்தான். அந்தப் பெயரில் மட்டும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கதவைத் தட்டிக் கேட்டேவிட்டாள். அவனும் அவளைவிடச் சலித்துப்போயிருந்தான். பாட்டில் முதலில் இருந்தது வேறு பெயராம். அதைத் தூக்கிவிட்டு ரோஸலின் என்று பாடினால்தான் கம்பெனி ரெக்கார்டு போடுமாம். வருகிற திங்கட்கிழமைக்குள் டேப் போய்ச் சேர வேண்டுமாம்.

இருந்த பெயர் என்ன என்று கேட்காமல் விடுவாளா? கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டான்.

ஞாயிறுதோறும் காலையில் காரில் கிளம்புகிறான், இருட்டியபின் திரும்புகிறான். ஃபிலடெல்ஃபியாவில் கல்யாணமான ஒருத்தி என்று ஸ்வர்ணா தானாகவே முடிவு கட்டி, நாலு வீட்டுக்குச் சொல்லியும் ஆயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் இருபது பேர். மகள் தீக்ஷாவின் கணக்கு வாத்தியார் கோல்ஸ் சாரும் வந்திருந்தார். வந்திருந்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அவர் வகுப்பில்தான். மனிதர் டையோடு கம்பளத்தில் சம்மணம் போட்டிருந்தார்.

இரண்டு பேரும் கறுப்பர்கள், ஒருத்தருக்கொருத்தர் பேச்சுத்துணையாக இருக்கட்டுமே என்று ஸ்வர்ணாவே டாரியஸை அவரிடம் அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினாள். சந்தித்ததில் மகிழ்ச்சி என்று மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். நல்லது செய்யப் போனால் இதுதான்.

சாந்தி பாடினாள். சாந்தியின் பெண் பாதியில் மறந்து அழுதாள். அடுத்தது டாரியஸ்.

“முழுப் பாட்டு வேணும். நடுவுல நிறுத்தினா சுண்டல் கிடையாது,” என்று ஸ்வர்ணா ஆங்கிலத்தில் எச்சரித்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். அந்த இடம் வந்தது.

நிறுத்தினான்.

ஸ்வர்ணா பல்லைக் கடித்தாள்.

பிறகு, “ரேமண்ட்” என்று பாடினான்.

கல் இல்லை. பெயரை இழைத்து இழைத்து மேலே கொண்டுபோய், மூன்று தரம் கூப்பிட்டு, மெதுவாக இறக்கினான். அதன்பின் பாட்டு எங்கும் நிற்கவில்லை. கடைசி வரியும் முடிந்தது.

மயிலாப்பூரிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்திருந்த விசாலாக்ஷி மாமிதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள்.

“ஏண்டி ஸ்வர்ணா, ரேமண்ட் எந்த ஊர் சாமி? ஆம்பளையா இருந்துண்டு நாயகி பாவத்துல இப்படி உருகறது எல்லாருக்கும் வந்துடாது. கேட்டுச் சொல்லு.”

ஸ்வர்ணாவுக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. முழுசாகப் புரிவதற்குள் மாமி முழங்கையால் இடித்தாள். வேறு வழியில்லாமல் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள்.

டாரியஸ் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்மூலையில் கோல்ஸ் சார் சுண்டல் கப்பைக் கீழே வைத்தார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினார்.

“சாமி எல்லாம் இல்லை,” என்றார். “நான்தான்.”

கோல்ஸ் சாருக்கு இன்னொரு பெயரும் இருக்கும் என்று அந்த ஹாலில் அதுவரை ஒருத்தரும் நினைத்ததில்லை.