துண்டு போர்த்திய நாற்காலி

ஆக்சிஜன் நின்றுபோய் அரசு மருத்துவமனையில் பதினொரு பச்சைக்குழந்தைகள் செத்து மூன்று வருடமாகிறது. அதை விசாரிக்கும் சட்டமன்றக் குழு கூடும்போதெல்லாம், முந்தைய வாரமே சுகாதாரத்துறை இயக்குநரை மாற்றிவிடுவார்கள். வெள்ளைத் துண்டு போர்த்திய அதே நாற்காலியில் புதியவர் வந்து உட்காருவார். இன்று வந்தவர் நான்காவது ஆள்.

"போன திங்கக்கிழமைதான் சார்ஜ் எடுத்தேன் மேடம். ஃபைல் பாக்க டைம் வேணும்."

குழு உறுப்பினர் செங்கமலம் பேனாவை மேசையில் எறிந்தார். "எந்திரிங்க."

"மேடம்?"

"உங்கள ஒண்ணும் கேக்கல. நாலு தடவையும் மாறாம இருக்கறது இந்த நாற்காலி ஒண்ணுதான். அதுகிட்டயே கேட்டுக்கறேன்."

இயக்குநர் எழுந்து ஒதுங்கினார். செங்கமலம் நாற்காலிக்கு நேராகத் திரும்பினார்.

"சொல்லு. ஆக்சிஜன் குழாய் கசியுதுன்னு நர்ஸ் எழுதின லெட்டர ஆறு நாளா ஏன் யாரும் பிரிக்கல?"

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இயக்குநர் எழுந்து நிற்பதைக் கண்ட பியூன் கன்னியப்பன், இவருக்கும் மாறுதல் வந்துவிட்டதென்று நினைத்து, பழைய துண்டை உருவிவிட்டுச் சலவைத் துண்டு ஒன்றை விரித்தார்.