எலும்பு எடுத்த இடம்

"எடுத்தேன்னு நான் சொல்றேன். என் வார்த்தை போதாதாம்மா?"

ஸ்பீக்கரில் சர்ஜனின் குரல் சுட்டது. மேனேஜர் கையைப் பிசைந்தார்.

ஆஸ்பத்திரிகளின் ஆபரேஷன் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸுக்கான கோடு எண்களைப் போட்டுத் தரும் ஆபீஸ் அது. நோயாளியின் பெயரை மறைத்துத்தான் ஃபைல் வரும்; ஆஸ்பத்திரியும் ஆபரேஷன் தேதியும் மட்டும் இருக்கும். பதினோரு வருஷத்தில் கமா அக்கா போட்ட எண் ஒன்றுகூடத் தவறென்று திரும்பியதில்லை. ஒரு கமா குறைந்தாலும் ஃபைலை நிறுத்திவிடுவாள். அதனால் அந்தப் பெயர்.

இன்றைக்கு நிறுத்தியிருந்தது முதுகுத்தண்டு ஆபரேஷன். மூன்று எலும்புகளை இரண்டு இடத்தில் இணைத்து, திருகு முடுக்கியிருந்தார்கள். அதிலெல்லாம் தகராறில்லை. இணைப்பில் வைத்த எலும்புத் துண்டில்தான் சிக்கல். முதுகைத் திறந்த இடத்திலேயே எடுத்திருந்தால் ஓர் எண். இடுப்பில் தனியாகக் கீறி எடுத்திருந்தால் வேறு எண். எங்கே எடுத்தது என்று குறிப்பில் இல்லை.

"இடுப்புலதான் எடுத்தேன். சந்தேகம்னா பேஷண்ட்டைக் கூப்பிட்டுப் பாருங்க. நாலு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கும்."

"தழும்புக்கு நாங்க கோடு போடுறதில்ல டாக்டர்," என்றாள் கமா அக்கா. " எழுத்துக்குத்தான். நீங்க எழுதலேன்னா, செய்யலேன்னு அர்த்தம். ஒரே ஒரு வரி சேர்த்து, இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்து வைங்க."

இரண்டாயிரம் முதுகைத் திறந்தவனுக்கே பாடமா என்றார் அவர். நாலு மணிக்குள் ஃபைல் முடியாவிட்டால் ஆஸ்பத்திரி வேறு ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

அவள் இரண்டு மாச லீவு முடிந்து வந்த அன்றைக்கேவா இப்படி என்று மேனேஜர் புலம்பினார். இந்த ஆஸ்பத்திரி கைவிட்டுப் போனால் முதலில் கிழிவது அவள் சீட்டுதான் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரை விடுங்க. அந்த எண் போடலேன்னா அந்தச் செலவு பேஷண்ட் தலையில விழும். பாவம் இல்லையா?"

"விழட்டும் சார்."

"கல்லு மனசு உங்களுக்கு."

மூன்று ஐம்பதுக்கு சர்ஜனிடமிருந்து ஒரு வரி வந்து சேர்ந்தது. இடது இடுப்பில் தனிக் கீறல் வழியாக எலும்பு எடுக்கப்பட்டது. கீழே தேதி, கையெழுத்து.

கமா அக்கா அதை இரண்டு முறை படித்தாள். கழுத்து தானாக நிமிர்ந்தது. ஆனால் எண்ணைத் தட்டவில்லை. ஃபைலைப் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு அனுப்பி, அவளையே போட்டு முடிக்கச் சொன்னாள்.

மேனேஜருக்கு விளங்கவில்லை. "காலையிலேர்ந்து மல்லுக்கட்டினது நீங்க, எண் போடுறது அவளா? டாக்டர் பொய் சொல்றார்னுதானே பிடிவாதம் பிடிச்சீங்க?"

"அவர் சொன்னது சத்தியம்னு எனக்கு அப்பவே தெரியும் சார்." கமா அக்கா மேஜையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். "சொந்த ஃபைலுக்கு நாமளே கோடு போடக் கூடாதே. தழும்பு என் இடுப்புலதான் இருக்கு. குறிப்புல இல்லாம இருந்துச்சு, அவ்வளவுதான்."