கொசுறு

பெரிய கடையின் வெள்ளை வெளிச்சத்தில் கத்தரிக்காய்கள் மெழுகு தடவியதுபோல் மின்னுகின்றன. எடை போட்டு விலைச்சீட்டு ஒட்டிய பை பெரியவரின் கையில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை அது. “நம்ம தோட்டத்துக் காய அம்பது காசுக்குக் கூடையோட குடுத்தேன். இங்க நாலு காய்க்கு நாப்பது,” என்கிறார். மகள் காதில் போட்டுக்கொள்ளாமல் தள்ளுவண்டியைத் திருப்புகிறாள். பேச்சுவாக்கில் அவர் குவியலிலிருந்து இன்னும் இரண்டு காய்களை எடுத்துப் பைக்குள் போடுகிறார். பில் போடும் பெண் பையை மறுபடி தராசில் வைத்து நெற்றியைச் சுருக்குகிறாள். “சீட்டு ஒட்டினப்புறம் யாரு காய் போட்டது?” “ரெண்டு காய் கொசுறும்மா. நான் வித்தப்போ ஒருத்தரையும் கொசுறு போடாம அனுப்பினதில்ல.” அவளுக்கு விளங்கவில்லை. வாசல் காவலாளி நெருங்கி வருகிறார்; வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். “தப்பா எடுத்துக்காதீங்க,” என்கிறாள் மகள், யார் முகத்தையும் பார்க்காமல். “அப்பாவுக்கு ஞாபகமே நிக்கறதில்ல.” எந்த வருஷம் எந்தக் காய் என்ன விலைக்குப் போனது என்று இன்னும் தூக்கத்தில்கூடச் சொல்லும் பெரியவர் மகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு, “ஆமாம்மா, மறதி,” என்று தலையாட்டுகிறார். பைக்குள் கையை விட்டுத் துழாவி, கொசுறு கொடுக்கும் பழைய பழக்கத்தில், இருப்பதிலேயே பெரிய காய்களாக இரண்டைப் பொறுக்கி அந்தப் பெண்ணின் கையில் வைக்கிறார். தராசு இப்போது விலைச்சீட்டில் இருப்பதைவிட எடையைக் குறைவாகக் காட்டுகிறது. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.