ஒருத்தரும் சிரிக்காத வரி

"என் ஜோக்கை வெட்டுங்க, வேணாங்கல. அந்தக் கிழவரோட வரியை வச்சுக்கிட்டு என்னோடதை வெட்டுறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

நடீன் கையிலிருந்த ஸ்கிரிப்டை மேஜைமேல் வீசினாள். ஒரு காபிக் கோப்பை சாய்ந்தது. அறையிலிருந்த மற்ற எழுத்தாளர்கள் ஆளுக்கொரு பேகல் ரொட்டியை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே நழுவினார்கள்.

மார்வின் நிமிரவே இல்லை. அந்த நகைச்சுவைத் தொடரின் தலைமை எழுத்தாளரும் அவர்தான், தயாரிப்பாளரும் அவர்தான். அவருடைய சிவப்புப் பென்சிலைக் கண்டால் ஸ்டுடியோவே நடுங்கும்.

"நேரம் இடிக்குது. ஒண்ணு போயாகணும். உன்னோடது போச்சு."

"அன்னிக்கு எல்லாரும் உக்காந்து வாசிச்சப்போ நீங்களும்தானே இருந்தீங்க? என் வரிக்கு எப்படிச் சிரிச்சாங்க!"

சிரித்தது உண்மைதான். பஸ் தாமதம் என்று கத்தும் பயணியிடம் ஓட்டுநர் சொல்லும் வரி அது: "நான் சரியான நேரத்துக்கு வந்திருந்தா நீ இந்த பஸ்ஸையே விட்டிருப்பே!" வாசிப்புக்கு வந்திருந்த சேனல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பது லேசில் நடக்கிற காரியமில்லை.

அன்றைய வாசிப்பில் அதற்கு அடுத்ததாக, அடுக்குமாடி வாட்ச்மேனாக நடிக்கும் வெண்டல் தன் ஒற்றை வரியை வாசித்தார்.

"வாங்க சார். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நேத்து திங்கக்கிழமை."

அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

வாரா வாரம் இதே கூத்துதான். மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதையெல்லாம் கொத்தமல்லி மாதிரி நறுக்கித் தள்ளும் மார்வின், வெண்டலின் வரியில் மட்டும் கைவைக்க மாட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"அது எங்கப்பா சொல்ற வரி, மார்வின்." நடீனின் குரல் உடைந்தது. "ஒஹையோ மாநிலத்துல, டேட்டன்ல பஸ் ஓட்டுறார். என் பேர்ல வர்ற முதல் கதைன்னு அங்கேருந்து கிளம்பி வந்து, இப்போ கீழே, படப்பிடிப்பை நேர்ல பார்க்க வந்த ஜனங்களோட வரிசையில நிக்கிறார். 'உங்க வரி வரும், பாருங்க'ன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சொல்லியிருக்கக் கூடாது."

"வெண்டல் உங்களுக்கு யாரு? மாமனா, மச்சானா?"

"அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அதான் ஊருக்கே தெரியுமே! அவர் பெரிய ஸ்டாரா இருந்தப்போ, நீங்க எழுதின தாளை எல்லார் முன்னாலயும் உங்க மூஞ்சியிலயே விட்டெறிஞ்சு, வேலையை விட்டும் துரத்தினவர். இன்னிக்குக் காலையிலகூட சாப்பாட்டு மேஜைகிட்ட நின்னுக்கிட்டு, 'மார்வினுக்கு அன்னிக்கும் எழுத வராது, இன்னிக்கும் வராது'ன்னு சத்தமாச் சொல்லிட்டிருந்தார். அந்த ஆளுக்குப் போய் பயப்படுறீங்களே, வெக்கமா இல்ல?"

மார்வினின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சிவப்புப் பென்சிலை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"இந்தா. கதை உன்னோடது. அவன் வரியை நீயே அடி. அடிச்சிட்டு நேரா பெர்னீஸ்கிட்டப் போய் சொல்லிட்டு வா."

"யாரு பெர்னீஸ்?"

"அவன் பொண்டாட்டி. ரெண்டு சிறுநீரகமும் போச்சு. டயாலிசிஸ்லதான் உயிர் ஓடுது. நடிகர் சங்கத்து மருத்துவக் காப்பீட்டுலதான் அந்த டயாலிசிஸ் ஓடுது. இவனுக்குத் தொடர்ந்து பேசுற வேஷம் இருந்தாத்தான் காப்பீடு நிக்கும். கதவைத் திறந்துவிட்டுச் சும்மா நின்னா செல்லாது, வாயைத் திறந்து பேசணும். அவன் வாய்க்கு இந்த ஊர்ல வேற எவன் அவனைக் கூப்பிடுவான்?"

நடீன் மேஜையில் சாய்ந்து கிடந்த காபிக் கோப்பையை நிமிர்த்தி வைத்தாள்.

"இது உங்களாலதான் ஓடுதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தான் இல்லேன்னா இந்தத் தொடரே ஓடாதுன்னு நெனச்சிட்டிருக்கான், மடையன்."

நடீன் பென்சிலை எடுத்தாள். தன் வரியின் மேல் மார்வின் இழுத்திருந்த கோட்டின் மேலேயே இன்னொரு கோடு இழுத்தாள். அழுத்தி இழுத்ததில் தாள் கிழிந்தது. கோபம் போகவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

கதவுவரை போனவள் திரும்பினாள்.

"ஒரே ஒரு வரிதானே மார்வின்? யாரு எழுதுறாங்களோ, அவங்ககிட்டச் சொல்லி அதையாவது அவருக்கு நல்லதா எழுதச் சொல்லக் கூடாதா? வாரா வாரம் அத்தனை ஜனத்துக்கு முன்னால, ஒரு சிரிப்பு இல்லாம நிக்கிறார், பாவம்."

மார்வின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"காப்பீட்டுக்கு வசனம் இருந்தாப் போதும், சிரிப்பு வரணும்னு சட்டம் கிடையாது! பெர்னீஸ் பிழைக்கட்டும். அதுக்காக அந்தப் பயலுக்குக் கைதட்டலையும் நானே வாங்கித் தரணுமா? அந்த வரியை யார் எழுதுறாங்கன்னு நெனச்சே? நான்தான்! எவனும் தப்பித்தவறிச் சிரிச்சிடக் கூடாதேன்னு, வாரா வாரம் உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதுறேன்!"