வாழைமரம் நின்ற இடம்

“மலையகத்தோட வரலாற்றை இனிமே ரெண்டாப் பிரிச்சு எழுதணும். இந்த சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னால, வந்ததுக்குப் பின்னால.”

நிரோஷன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோ அது. ஜீவராணி முதலாளி. அஃப்னா பேனரும் கல்யாணக் கார்டும் டிசைன் செய்பவள். நிரோஷன் வீடியோ எடிட்டர். சும்மா பாவித்துப் பார்க்கக் கொடுத்திருந்த இரண்டு சாஃப்ட்வேருக்கும் இன்றோடு கெடு முடிகிறது. இரண்டில் ஒன்றை வாங்கியாக வேண்டும்.

“உன் சாஃப்ட்வேரைத் திறந்தாலே கம்ப்யூட்டர், தேயிலைக் கொழுந்து மூட்டையோட மலையேறுற மாதிரி மூச்சு வாங்குது,” என்றாள் அஃப்னா. “ஒரே நல்ல விஷயம், பக்கத்துல உட்கார்ந்தா குளிர் தெரியல.”

“சினிமாக்காரங்க பாவிக்கிறது, அஃப்னா! நீ சொல்ற சாஃப்ட்வேர்ல என்ன இருக்கு? ஒவ்வொரு ஆள் வந்து நிக்கிறப்பவும் மேலருந்து ரோஜாப்பூ கொட்டும். இதயம் பறக்கும். ரெண்டு புறா வந்து முட்டிக்கும்.”

“சனத்துக்கு அதுதானே பிடிக்குது?”

“சனத்துக்கு என்ன தெரியும்? வீடியோ ஓடுதுன்னு தெரிஞ்சும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. மேடையேறி, பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைக்கூட சிமிட்டாம. வீடியோன்னா அசையணும். அசையாததை எல்லாம் வெட்டிட்டேன்.”

வெட்டித்தான் இருந்தான். போன வாரம் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் நடந்த செல்லசாமி வீட்டுக் கல்யாணம். நாலு மணி நேரத்தை நாலு நிமிஷமாக்கி நேற்று அனுப்பியிருந்தான். பனி வருகிறது. பனி போகிறது. வாழைமரம் ஆடுகிறது. மணப்பெண்ணின் ஒரு கண் தெரிகிறது. மறுபடியும் பனி.

“மாப்பிள்ளை எங்கேடா?” என்று ஜீவராணி நேற்றே கேட்டாள்.

“அவரை உணரணும்க்கா.”

உணர முடியாதவர்கள் காலையிலிருந்து ஃபோன் செய்துகொண்டே இருந்தார்கள். மாமனைக் காணோம். சித்தப்பாவைக் காணோம். சீர்த்தட்டு தூக்கியவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். இப்போது மறுபடியும் மணி அடித்தது. புது நம்பர். ஜீவராணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஸ்டூடியோங்களா? நான் தோட்டத்துல இருந்து வேலாயி பேசுறேன். அது என்னங்க, கல்யாண வீடா, எழவு வீடா?”

“என்ன குறைன்னு சொல்லுங்கம்மா.”

“எம் மகன் இல்லீங்க அதுல! மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு, தலைக்கு என்னென்னமோ தடவிக்கிட்டு, மேடையேறி அம்புட்டு நேரம் ஆடாம அசையாம நின்னான். அவன் நின்ன இடத்துல வாழைமரம் நிக்குது!”

அஃப்னா மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்து சிரித்தாள். நிரோஷன் கீபோர்டில் இல்லாத தூசியை ஊதினான்.

“தலவாக்கலையில அவனுக்குப் பொண்ணு பார்த்து வச்சிருக்கேன். பொண்ணு டீச்சர். போட்டோவுல எல்லாரும் அழகாத்தான் இருப்பாங்க, வீடியோவுல பார்த்துட்டுச் சொல்றோம்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்க. இன்னைக்குப் பின்னேரம் அனுப்புறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். இப்ப எதை அனுப்ப? வாழைமரத்தையா?”

தூசி ஊதுவது நின்றது.

“எடிட்டர் தம்பி இங்கதான் இருக்கார். பேசுறீங்களா?”

“ஐயோ, வேணாம் தாயி! அவன்கூட எனக்குப் பேச்சே வேணாம். எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ! எங்க லயத்து வீடுகள்ல அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம், ஒரு சடங்கு இருக்கு. எம் மகன் அந்த வீடியோவுல வரணும். வரலைன்னா ஒண்ணுகூட உங்களுக்கு வராது, சொல்லிட்டேன்!”

ஃபோன் துண்டிக்கப்பட்டது. ஜீவராணி பெருமூச்சு விட்டாள்.

“முடிஞ்சுபோச்சு. ரோஜாவையே வாங்குவோம்.”

“அக்கா, அந்த வாழைமரம் எவ்வளவு ஆழமான ஷாட்னு…”

“வாழைமரம் வந்து நமக்கு ஆர்டர் தருமாடா?”

நிரோஷன் நெஞ்சை நிமிர்த்தினான். “வாங்குங்க. ஆனா என் கை அதைத் தொடாது. புறாவை முட்ட விடுறதுக்கா நான் எடிட்டிங் படிச்சேன்?”

“நீ தொட வேணாம் ராசா,” என்றாள் அஃப்னா. “சாப்பிட்டு வந்து நானே அந்த மஞ்சச் சட்டையைத் தேடிப் போடுறேன்.”

இருவரும் கீழே கொத்து ரொட்டிக் கடைக்கு இறங்கினார்கள். செருப்புச் சத்தம் தேயும்வரை நிரோஷன் காத்திருந்தான். கதவைச் சாத்தினான். அஃப்னாவின் நாற்காலியில் உட்கார்ந்து ரோஜா சாஃப்ட்வேரைத் திறந்தான். மஞ்சள் சட்டையைத் தேட நேரமே ஆகவில்லை. அதன்மேல் ரோஜாவைக் கொட்டினான். போதவில்லை. இன்னும் கொஞ்சம் கொட்டினான். இதயம் பறக்கவிட்டான். கொஞ்சம் யோசித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புறாக்களையும் முட்டவிட்டான்.

பிறகு ஃபோனை எடுத்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

“அனுப்பிட்டேன்மா… ஆமா, நான் நிக்கிறது முழுசா இருக்கு, டீச்சர் வீட்டுக்கு உடனே அனுப்பு… சரிம்மா, தப்புதான்… இன்னைக்காவது எனக்குச் சோறு போடுவியா?”