கண்ணாடிக்கு ஒரு செக்

கண்ணாடியையே சதுரங்கத்தில் தோற்கடித்த ஒரே மனிதன் நான்தான். சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. அறுபத்தொன்பது வயதில் என் முதல் ரேட்டிங் கிடைக்க, ஜெயித்தே ஆக வேண்டும். ஓரமாக ஒரு சிப்பாயைத் தள்ளினேன். எதிரில் இருந்த ரெய்னால்டும் அதே சிப்பாயைத் தள்ளினார். குதிரைக்குக் குதிரை, மந்திரிக்கு மந்திரி. நான் தண்ணீர் குடித்தேன், அவரும் குடித்தார். தும்மினேன், தும்மினார். பதினெட்டு நகர்த்தல்கள் பொறுத்திருந்துவிட்டு, ராணியை நகர்த்தி "செக்" என்றேன். பழக்கதோஷத்தில் அவரும் தன் ராணியைத் தூக்கிவிட்டார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் குறுக்கே நிறுத்தினார்; நான் முதலில் தள்ளிய சிப்பாயே அதை விழுங்கியது.

"நல்லா காப்பியடிச்சீங்க" என்றேன். தோற்று எழுந்தவர், "நான் எங்க சார் காப்பியடிச்சேன்? சும்மா கதை விடாதீங்க!" என்றார். நகர்த்தல்களை அவரே எழுதிய தாளைத் திருப்பிக் காட்டினேன். வரிவரியாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நடந்தது நிஜந்தான் சார். அந்தத் தும்மல்கூட எனக்குத் தானா வரல."