ஓநாய்க்குப் போட்ட கறி

“மார்புல வர்ற புற்று ஓநாய் மாதிரிம்மா. தினமும் கன்னுக்குட்டிக் கறியைப் புண்ணு மேல வெச்சுக் கட்டு. அதைத் தின்னுச்சுன்னா உன்னைத் தின்னாது.”

ரண வைத்தியர் இப்படிச் சொல்லிப் போனதிலிருந்து, மார்சேய் நகரத்துக் கஞ்சத் துணி வியாபாரி ஒனோரா முணுமுணுத்துக்கொண்டே தினமும் கறி வாங்கி வந்தான். கல்யாணமான நாள் முதல் வெங்காய சூப்பையும் காய்ந்த ரொட்டியையும் மட்டுமே கண்ட அவன் மனைவி தெல்பீன், நாற்றம் தாங்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை வாங்குவாள்.

ஒரு மாதம் கழித்து வைத்தியர் வந்தார்.

“இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்த ஓநாய்க்குத் தீனி போடறது?” என்றான் ஒனோரா.

“கன்னத்துல சதை போட்டிருக்காளே! இனி தாங்குவா. இன்னிக்கே அறுத்து எடுத்துடலாம்.”

வைத்தியரின் ஆட்கள் தெல்பீனை நாற்காலியோடு கட்டினார்கள். கடித்துக்கொள்ளத் தோல்வாரை நீட்டினார்கள். கத்தியைப் பார்த்ததும் அவள் அலறினாள்.

“ஐயா, எனக்குப் புற்றே இல்ல! பிச்சைக்காரங்க புண்ணு வரவழைக்கத் தேய்ப்பாங்களே, அந்த இலையைத்தான் தேய்ச்சேன். கறியைச் சமைச்சு நான்தான் தின்னேன்!”

“கத்தியைக் கண்டா ஆளுக்கொரு கதை சொல்லுவீங்க” என்று சிரித்தாலும், வைத்தியர் கத்தியை நிறுத்தி ஒனோராவைப் பார்த்தார். “ஏம்ப்பா, நிஜமாவா?”

“என்னங்க, அடுப்படியில இருக்கற கறிச் சட்டியைக் காட்டுங்க!” என்று கெஞ்சினாள் தெல்பீன்.

ஒனோரா அடுப்படிக்குப் போனான். சட்டியில் கொழுப்பு உறைந்திருந்தது. அதை நிதானமாகத் தட்டுப் போட்டு மூடினான்.

“என் வீட்டு அடுப்புல கறி வெந்ததே இல்லீங்க. ஊருக்கே தெரியும். நீங்க அறுங்க.”